மத்தியானக் கனவில் வந்த அட்டைகள்

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கே தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. சுசீலாக்கா மத்தியானம் தூங்கி எழுந்ததும் அவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் கனவு கலைந்துவிடும். கனவு கலைந்தால் அட்டை போச்சு. நான் பக்கத்து வீட்டு நாகம்மாள். எனக்கு வாய் நீளம். நானே அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகள் திவ்யா, லீவுக்கு வந்தபோது ஒரு டாரட் அட்டைக் கட்டைக் கொண்டுவந்தாள். குலுக்கி எடுத்துக் குறி பார்க்கிற அட்டைகள். ரதம், கோபுரம், நிலா, சாவு, உலகம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பனிமலை நம் பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன் சிவகாசியில் காலண்டர்களுக்குப் பூ பார்டர் வரைந்த கை அது. சும்மா இருக்குமா? நம் ஊருக்கு நாமே வரைவோம் என்று உட்கார்ந்துவிட்டார்.

கனவில் வராத எதையும் அக்கா வரைய மாட்டார். கோபுர அட்டையில் எங்கள் தண்ணீர் டேங்க், மின்னல் பட்டதும் காலைத் தூக்கி மெல்ல நடக்கும். ரதத்துக்குப் பதில் தண்ணீர் லாரி. ஒழுகுகிற தண்ணீரெல்லாம் மீனாகித் துள்ளும். நிலா அட்டையில் செம்பரம்பாக்கம் ஏரி கரையைவிட்டு எழுந்து காற்றில் மிதக்கும், அதை ஒரு நாய் அண்ணாந்து பார்க்கும். சாவு அட்டையில் குமணன்சாவடி சந்திப்பு. ஒரு வண்டி இல்லை, ரோடு முழுக்கச் சாமந்திப் பூ, சிக்னல் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். அந்த அட்டையைப் பார்த்தால் எனக்குப் பயமே வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

எல்லாப் படத்திலும் அடியில், நட்டநடுவில், பாதி வட்டமாக ஒரு மெரூன் மேடு இருந்தது. மலையா என்று கேட்டேன். கவிழ்த்து வைத்த சட்டி என்றாள் திவ்யா. கனவில் அப்படித்தான் தெரிகிறது, எடுத்துவிட்டால் படம் படமாக இல்லை என்றார் அக்கா.

அவர் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் அண்ணன் ஃபேக்டரியில் முதல் ஷிஃப்ட். வேலை முடிந்து வந்ததும் கால் சத்தம் கேட்காமல் டீ போட்டு, வரைந்துகொண்டிருக்கும் அக்கா பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். வர்ணம் காய்ந்த பிறகு ஒவ்வொரு அட்டையையும் எடுத்து உற்றுப் பார்ப்பார். இஸ்திரி வண்டி வினோத் மந்திரவாதியாக வந்துவிட்டான். பூக்காரம்மா ராணியாக வந்துவிட்டார். அண்ணன் மட்டும் எதிலும் இல்லை.

கடைசியாக உலகம் என்ற அட்டைதான் பாக்கி. அது வாரக்கணக்கில் கனவில் வரவே இல்லை. அண்ணன் மீசைக்கு டை அடித்துக்கொண்டார். கனவில் வருவதற்கு டை எதற்கு என்று கிண்டல் செய்தேன். சிரித்தார், மறுக்கவில்லை.

ஒருநாள் வந்தது. குத்தம்பாக்கத்துப் புது பஸ் நிலையம். வரிசையாக நிற்கும் பஸ்களில் மேகங்கள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டிருந்தன. அடியில் அதே மெரூன் மேடு. ஆள் என்று ஒருவரும் இல்லை. அன்று சாயங்காலம் கேட்டருகில் நின்ற அண்ணன் என்னிடம், “எல்லாரும் வந்துட்டாங்க தங்கச்சி. தண்ணி லாரி கூட வந்துருச்சு” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நேரே போய் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். ஓரத்திலாவது அவரை ஒரு கோடு வரைந்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

“அவரை நெனச்சுக்கிட்டேதான் படுக்குறேன் நாகம்மா. வரமாட்டேங்குறாரு.”

மறுநாளிலிருந்து அண்ணன் போட்ட டீ அக்கா பக்கத்துக்கு வரவில்லை, அடுப்படியிலேயே மூடியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்டுப்பாக்கத்தில் என் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். பஸ்ஸைக் காணோம். பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னார். ஞாயிறானால் அவர் பின்னால் அக்காதான் உட்கார்ந்திருப்பார். கல்யாணமான நாளாக இந்தப் பக்கத்து ஏரி, ரோடு ஒன்றுவிடாமல் இருவரும் சுற்றியவர்கள். அன்று தனியாக வந்திருந்தார்.

பின் சீட்டு எம்பி நிற்கிற வண்டி அது. குமணன்சாவடி சிக்னலில் நின்றோம். விளக்கு பச்சைக்கு மாறியது. நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு, கம்பம், பூக்கடையில் குவித்த சாமந்தி. எல்லாவற்றுக்கும் அடியில், நட்டநடுவில், பாதி வட்டமாக அண்ணனுடைய மெரூன் ஹெல்மெட்.

அண்ணன் தோளைத் தட்டினேன்.

“அண்ணா, வண்டியத் திருப்புங்க. அம்மா ஊட்டுக்கு அப்பால போயிக்கிறேன்” என்றேன்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது அக்கா அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தார். பேசக் கூடாத நேரம். அண்ணன் தலையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினேன். மேஜைமேல் இருந்த உலகம் அட்டையைச் சுவரில் சாய்த்து, அதன் முன்னால் ஹெல்மெட்டை வைத்தேன். என் நீள வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அக்கா அட்டையைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினார்.

“எங்க பாத்தாலும் நீங்கதான மறைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க.”

அண்ணன் கால் சத்தம் கேட்காமல் அடுப்படிக்குப் போய் டீ போட ஆரம்பித்தார்.