நான் ‘பாஸ்’ போட்ட கட்டம்

கர்த்தர் செய்ததைச் சொல்லும் முன், நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. சூடான் போரில் மிரியமின் பள்ளி எரிந்துபோனது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவோடு பெங்களூருக்குத் தப்பி வந்து, சிவாஜிநகரில் எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தாள்.
2. ஒரு ஞாயிறு அவளை மேடையில் நிறுத்தினோம். திரையில் போர்ப் படங்கள் ஓடின. எல்லோரும் அழுது ஜெபித்தோம். நானும் கை உயர்த்தினேன்.
3. இறங்கி வந்தவள் என்னிடம் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள்: “அக்கா, அது எங்க ஊர் இல்ல. வேற நாடு.”
4. பிறகு எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம்.
5. மூன்று பள்ளிகளில் அவளுக்கு இடம் கேட்டேன். பழைய பள்ளியின் டிசி இல்லை என்று மூன்றும் மறுத்தன. மூன்றாவது பள்ளி, நாங்கள் அழுத அதே வளாகத்தில் இருக்கிறது.

எனக்கு அருவருப்பாக இருந்தது. ஜெபிக்கக் கண்ணை மூடினால் பிரியாணி வாசனைதான் வந்தது. ஆனாலும் தினமும் கேட்டேன்: ஆண்டவரே, அந்த மூன்றாவது பள்ளியின் ஆபீஸ் அம்மாவின் மனதை மாற்றும்.

சேர்க்கை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவரிடம் மறுபடி போனேன்.

“ஸ்கூலே எரிஞ்சு போச்சு மேடம்.”

“அப்ப எரிஞ்சு போச்சுன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லும்மா.”

“யார்கிட்ட?”

“அந்த ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்டதான்.” கிண்டலாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். “நீயே பாரு. சிஸ்டம் எடுக்கல. நான் என்ன பண்ணட்டும்?”

டிசி எண் கட்டத்துக்குக் கீழே சிவப்பு வரி. எனக்கு அந்த வரி தெரியும். எங்கள் கம்பெனி செய்த மென்பொருள் அது. இரண்டு வருடம் முன்பு நான்தான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சோதித்தேன். காலியாக விட்டால் எர்ரர் வர வேண்டும்; வந்தது. ‘பாஸ்’ என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதுவரை மற்றவர்கள்மேல் இருந்த அருவருப்பு முழுக்க என்மேல் திரும்பியது. எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் என் ஆபீசுக்குப் போகும் டாக்சியில் ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, என் வாயைத் திறக்க வையும்.

டீம் லீடிடம் சொன்னேன்.

“நீதானேம்மா பாஸ் பண்ணே?”

“ஆமா சார். தப்பா பண்ணிட்டேன்.”

“ஸ்கூல் மெயில் போடட்டும். கிளையண்ட் கேக்காம கை வைக்க முடியாது.”

பழைய கோப்புகளைத் தேடினேன். அந்தக் கட்டம் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று யாருமே கேட்டிருக்கவில்லை. வேறொரு பள்ளியின் படிவத்திலிருந்து எங்கள் ஆட்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியைக்கு போன் செய்து இதைச் சொன்னேன். “கவர்மெண்ட் ரூல்னு நெனச்சோம்மா. யாரும் கேட்டுப் பாக்கல.” அன்று மதியமே மெயில் வந்தது. மறுநாள் காலை, கட்டாயமில்லை என்று அந்தக் கட்டம் மாறியது. கடைசி நாளில் மிரியமின் பெயர் ஏறியது.

ஆபீஸ் அம்மாவின் மனதைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தேன். கர்த்தர் என் கையெழுத்தைக் காட்டினார். அவருக்கு நன்றி சொல்கிறேன், வெட்கத்தோடு. ஒரு பிள்ளைக்காக நீங்களும் ஜெபித்துக்கொண்டிருந்தால் விடாதீர்கள். பதில் உங்கள் மேஜையில் கிடப்பதாக அவர் காட்டினால், எழுந்து போய் அதைச் செய்யுங்கள். அவர் கூட வருவார்.

மிரியம் இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். வயதுக்கு ஏழில் இருக்க வேண்டும். கன்னடத்தில் தோற்றிருக்கிறாள். மற்ற இரண்டு பள்ளிகளும் இன்னும் டிசி கேட்கின்றன.