ஈரப் பூவும் சுருட்டை முடியும்

எனக்குச் சுருட்டை முடி. அதை ஏதோ நோய் மாதிரி பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஜூலை ஞாயிறு, திலக் நகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையே அம்மா என்னைத் தாராவியில் எங்கள் சந்துமுனை பார்லருக்கு இழுத்துப் போய்த் தலையை அயர்ன் பண்ண வைத்தாள். தரகருக்குக் கொடுத்த ஃபோட்டோவிலும் இதே வேலைதான் நடந்திருந்தது.

"முடி நேரா கெடந்தாத்தாம்ட்டி லட்சணம். இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

நான் செம்பூரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு கெமிஸ்ட்ரி எடுக்கிறவள். என் தலையைப் பற்றி எனக்குத் தெரியாதா? முடியின் வடிவத்தைக் கட்டிவைப்பதில் பாதி வேலை ஹைட்ரஜன் பிணைப்புகளுடையது. சூடு பட்டால் அவை அவிழும். நீட்டிப் பிடித்து ஆறவிட்டால் நேராகவே மறுபடி கட்டிக்கொள்ளும். ஆனால் ஈரம் பட்டால் தண்ணீர் இடையில் புகுந்து அந்தக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிடும். பிறவி வளைவைக் காக்கிற கந்தகப் பிணைப்பு லேசில் அசையாது. முடி தன் சுருளுக்கே திரும்பிவிடும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "நனையாமக் கூட்டிட்டுப் போறேன், வா" என்று குடையை விரித்தாள். நனையாமல்தான் வந்தோம். வந்ததும் மாட்டுங்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை எடுத்து, வாடக்கூடாதென்று இன்னொரு கை தண்ணீர் தெளித்து, சொட்டச் சொட்ட என் தலையில் வைத்தாள். பூ வைக்காமல் பெண்ணைக் காட்டுவார்களா!

காபி கொடுப்பதற்குள் பூவைச் சுற்றிச் சுருள் கிளம்பிவிட்டது.

"ஃபோட்டோவுல நேரால்லா இருந்துச்சு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"மழை ஈரம் மதினி... காஞ்சா சரியாயிரும்." அம்மாவின் முகம் செத்துவிட்டது.

என்னைப் பெற்றதற்காக அவள் ஏன் கூனிக் குறுக வேண்டும்? எனக்குப் பொறுக்கவில்லை. "காஞ்சா இன்னும் சுருளும் அத்தை. நெசத்தைப் பாத்துட்டே போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பட்டுப்புடவை நனைய வந்து நின்றேன்.

"கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்னு நம்ம ஊர்லதான சொல்லுவாவ?" என்றேன்.

கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். "ஏட்டி, பாவி, குடியைக் கெடுத்திட்டியே" என்று அம்மா அழுதாள். நானும் அழுதேன். ஆனால் செய்ததற்குத் துளிகூட வருத்தமில்லை.

மறுவாரம் தரகர் ஃபோன் பண்ணினார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பழைய ஃபோட்டோவக் கிழிச்சுப் போடுங்க அண்ணாச்சி. எம்பிள்ளைக்குச் சுருட்டை முடி. பிடிச்சவன் மட்டும் படியேறட்டும்."