தையல் மெஷினைத் துரத்திய தட்டு

என் தங்கை தையல்காரி. அவள் வீட்டுக்காரர் கூரியர் ஆபீசில் பார்சல் பிரிப்பவர். குடும்பத்தில் அவருக்குக் 'காதுக்காரர்' என்று பெயர். நான்தான் வைத்தேன், வயிற்றெரிச்சலில்.

நல்ல மனுஷர்தான், அந்தப் புது வகை இசைத்தட்டு வீட்டுக்குள் வரும்வரை. சாதாரண சிடியில் கேட்காத நுணுக்கமெல்லாம் இதில் கேட்குமாம். பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்குமாம். யாருக்கு வேண்டும் அவள் மூச்சு? கட்டின பெண்டாட்டி மூச்சு வாங்குவது இந்தக் காதில் விழவில்லையே!

தட்டு ஓடினால் ஃபேன் ஓடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. கடைசியில் தையல் மெஷின் மேலேயே கை வைத்தார். "இந்தக் கடகட சத்தத்துல பாதி இசை செத்துப்போகுது" என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படித் திருப்பத்தில் போட்டார். அங்கே வெளிச்சம் கிடையாது. ஏறி இறங்குகிறவர்கள் துணியை மிதித்துக்கொண்டு போவார்கள். அதுவோ பள்ளிச் சீருடை தைக்கிற சமயம்; அவள் தைத்தால்தான் அடுப்பு எரியும். ஒரு நாள் இருட்டில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

"வாயில்லாப் பூச்சியாவே இருடி! மெஷினை உள்ள தூக்கிட்டு வா" என்று கத்தினேன்.

"விடுக்கா. அவருக்கு வேற எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல" என்றாள்.

இது ஒன்று போதாதா?

போன ஞாயிறு என்னை உட்கார வைத்துப் பழைய சிடியைப் போட்டார், பிறகு புதுசைப் போட்டார். "வித்தியாசம் தெரியுதாக்கா?"

சத்தியமாகத் தெரியவில்லை. சொன்னேன். "எல்லாக் காதுக்கும் அந்தக் கொடுப்பினை இருக்காது" என்று சிரித்தார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்விட்டுச் சொல்லாத குறைதான்.

தட்டை வெளியே எடுக்கப் போனபோது பிளேயரின் ட்ரே சிக்கிக்கொண்டது. மெக்கானிக் வந்து சரிசெய்தார். போகும்போது சொன்னார்: "சார், இந்தத் தட்டுல ரெண்டு அடுக்கு இருக்கு. ஒண்ணு புதுசு, ஒண்ணு சாதா சிடி. கடையில வச்ச செட்டிங்கை நீங்க மாத்தவே இல்ல. இதுவரைக்கும் சாதா சிடிதான் ஓடியிருக்கு."

காதுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மெக்கானிக் செட்டிங்கை மாற்றிவிட்டுப் போனார். பாட்டு மறுபடி ஓடியது. அடுத்த நிமிஷமே மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா! இப்பதான் அசல் இசை! எவ்வளவு வித்தியாசம் பாருங்க!" என்றார். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

வாசலில் கட்டுப்போட்ட விரலோடு தங்கை நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"அப்ப இத்தனை நாளா நான் எதுக்குங்க படியில உக்காந்தேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். இருவருமாக மெஷினைத் தூக்கி வந்து, பழையபடி ஜன்னலோரம் போட்டோம். அவள் துணியை வைத்துப் பெடலை மிதிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ, பாட்டு... அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"என்ன தம்பி சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல, மெஷின் ஓடுது" என்றேன்.