விதானையாருக்குக் குஷன் கதிரை

அக்காவுக்குப் பொறியியல் கிடைக்குமா கிடைக்காதா என்று எங்கள் கொழும்புத்துறை ஒழுங்கையில் அக்காவைத் தவிர எல்லோரும் கணித்துக்கொண்டிருந்தார்கள். உயர்தரப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் மாவட்ட வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. போன வருஷத்து வெட்டுப்புள்ளியோடு பார்த்தால் அவள் உள்ளே, அதற்கு முந்தின வருஷத்தோடு பார்த்தால் வெளியே. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்கூடப் புள்ளியின் தசமதானம்வரை கதைத்தார்கள். நானும் கதைத்தேன். ஐந்தாம் வகுப்பில் கணக்குக்கு நான் எடுத்த புள்ளியை அறிந்தவர்கள் மட்டும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. “கிடைக்கும். கிடைச்சாப் போவன்” என்றாள்.

கிடைத்தது, மயிரிழையில். அசல் சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. எங்கள் கொழும்புத்துறையை விட்டு, எங்கோ தூரத்தில் இருக்கும் கொழும்புப் பக்கம் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். அப்பா ஆழமில்லாத பரவைக்கடலில் நண்டும் இறாலும் பிடிப்பவர். கடல் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப்பணம் கொடுக்கும். “அது வந்தா அனுப்பலாம், இல்லாட்டி இல்லைப் பிள்ளை” என்று அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கு எங்கள் பகுதிக் கிராம அலுவலரான விதானையார் எங்கள் வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டும். புதிதாக மாற்றலாகி வந்திருந்த அந்த மனிதர், வீட்டை நேரில் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினார்.

அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார்.

அன்று காலை அக்கா போட்டோப்பிரதி எடுக்க ரவுனுக்குப் போயிருந்தாள். அவள் சைக்கிள் மறைந்ததும் அம்மா வேலையைத் தொடங்கினார். பக்கத்து வீட்டு மாமியின் குஷன் கதிரைகள் வந்தன. எதிர்வீட்டிலிருந்து பூப்போட்ட கோப்பைகளும், நின்றுகொண்டே தலையாட்டும் மின்விசிறியும் வந்தன. அம்மா றோல்ஸ் பொரித்தார். சுமந்தது முழுக்க நான். சுமக்கச் சுமக்க எனக்கும் உற்சாகம் பிடித்துவிட்டது. யாரும் கேட்காமலே, ஒழுங்கை முடக்கில் இருந்த அண்ணையிடம் கெஞ்சி, அவருடைய மோட்டச் சைக்கிளைக் கொண்டுவந்து எங்கள் முருங்கைக்குக் கீழே நிறுத்த வைத்தேன். ஒரு பழைய துணியால் அதைத் துடைத்தும் விட்டேன்.

விதானையார் வந்தார். குஷனில் அமர்ந்தார். மின்விசிறி அவருக்குத் தலையாட்டியது. றோல்ஸைக் கடித்துக்கொண்டே முற்றத்தைப் பார்த்தார்.

“மோட்டச் சைக்கிள் ஆரின்ரை?”

“எங்கடைதான் ஐயா! அப்பா உதிலைதான் கடலுக்குப் போறவர்.”

“கடலுக்குள்ளையோ?”

“கரைமட்டும்” என்றேன், சமாளித்த பெருமையோடு. அம்மாவின் முகம் கொஞ்சம் வெளிறியது. ஆனாலும் தேத்தண்ணியை நீட்டினார். விதானையார் கோப்பையின் பூவையும் பார்த்தார். பேனையைத் திறந்து, திரும்பவும் மூடினார்.

அந்த நேரம்தான் அக்கா வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கதிரையைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் முருங்கையைப் பார்த்தேன்.

“ஐயா, ஒருக்கா எழும்புங்கோ” என்றாள்.

விதானையார் பாதி றோல்ஸோடு எழும்பினார். அக்கா கதிரையைத் தூக்கி வேலிக்கு மேலால் நீட்டி, “மாமி, உங்கடை கதிரையைப் பிடியுங்கோ!” என்று கூப்பிட்டாள். உள்ளே போய், வலைநூலால் கால் கட்டிய எங்கள் பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள்.

“இடப்பக்கம் சரியாமல் இருங்கோ ஐயா. ஃபானும் கோப்பையும் முன்வீட்டாக்களின்ரை. மோட்டச் சைக்கிள் ஆரின்ரை எண்டு உவனைத்தான் கேக்கவேணும்.”

“அப்ப இந்த றோல்ஸ்?” என்று கேட்டார் விதானையார், கையில் இருந்ததைப் பயத்தோடு பார்த்து.

“அது அம்மா பொரிச்சது. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”

“பிள்ளை, வீட்டுக்கு வந்த மனிசனை...” என்று அம்மா தொடங்கினார்.

“அம்மா, ஐயா எங்களிட்டை என்ன இருக்கெண்டு பாக்க வரேல்லை. என்ன இல்லையெண்டு பாக்க வந்தவர். நான் போகவேணும்.”

பிறகு அவள் அவருக்கு எதிரே நிலத்தில் அமர்ந்து, காற்று மாறினால் எத்தனை நாள் அடுப்பு எரியாது என்பதுவரை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். விதானையார் சரிந்துவிடாமல் இருந்து எழுதிக்கொண்டே போனார். போகும்போது அம்மாவிடம், “றோல்ஸ் நல்லாயிருந்தது” என்றார். அம்மா பூப்போட்ட கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து அம்மா அக்காவோடு நேரே கதைக்கவில்லை. “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்று, ஒரு முழம் தள்ளி இருந்த அக்காவுக்கு என் மூலம் செய்தி அனுப்பினார். எனக்கும் அக்காவில் கோபம்தான். நல்ல வசதியாக இருந்த எங்களை ஒரு நொடியில் ஏழையாக்கிவிட்டாளே!

உதவிப்பணம் கிடைத்தது. அக்கா புறப்படுவதற்கு முன், நேர்த்திக்கடன் தீர்க்க மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தப் போனோம். அங்கே அம்மாவின் பழைய சிநேகிதி, உரும்பிராய் மாமி, எங்களைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளையை அவ்வளவு தூரம் விடுறியள், செலவுக்கு என்ன செய்யிறியள்?”

அம்மா நிமிர்ந்து நின்றார். “எங்களுக்கென்ன செலவு? பிள்ளையின்ரை கெட்டித்தனத்துக்கு அரசாங்கம் மாசாமாசம் பரிசு குடுக்குது. நாங்கள் கேக்கவுமில்லை.”

அக்காவிடம் பாடம் படித்திருந்த நான், இனி உண்மைதான் பேசுவது என்று முடிவெடுத்திருந்தேன். வாயைத் திறந்தேன். “இல்லை மாமி, விதானையார் எங்கடை கதிரையிலை...”

என் முதுகில் அக்காவின் நகம் இறங்கியது. வாயில் ஒரு வடையும் இறங்கியது.

“ஓம் மாமி” என்றாள் அக்கா, முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு. “அம்மா சொல்லுறது சரி. கேக்காமலே குடுத்தவங்கள்.”

மாமி போன பிறகு அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு, என்னைத் தாண்டி, நேரே அக்காவைப் பார்த்து, “வெயிலுக்கை நிக்காதை பிள்ளை, இஞ்சாலை வா” என்றார்.

நாங்கள் நின்றது மண்டபத்துக்குள்ளே. அங்கே வெயிலே இல்லை. அதைச் சொல்லத்தான் நினைத்தேன், வாய் நிறைய வடை இருந்தது.