கேப்ஸ் லாக்கில் குடியேறிய புள்ளி

மனு அடித்துக் கொடுக்கும் கடையில், ஊரார் குறைக்கு முன்னால் கீபோர்டின் குறை தீர வேண்டும்; அப்படி ஒரு கீபோர்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெறும் நெற்றி

ஆயுத பூஜையன்று எங்கள் வேங்கிக்கால் கடை முதலாளி கீபோர்டுக்கும் சந்தனம் வைத்தார். அது எஃப் விசைக்கடியில் இறங்கி உறைந்து, விசை அழுந்தாமல் போய்விட்டது. தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அந்த விசைதான்.

அடுத்த திங்கட்கிழமை, கடைக்கு எதிரே இருக்கும் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். அடி அண்ணாமலையிலிருந்து அஞ்சலையம்மா வந்தார். குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா வேண்டும். ஒரு மணிக்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் மல்லிகா அக்கா அடித்தார். 'ஆடசியர அவரகள' என்று வந்தது. அஞ்சலையம்மா திரையை எட்டிப் படித்தார். "ஏம்மா, கலெக்டருக்கு ஒரு பொட்டுகூட வெக்காம வெறும் நெத்தியா அனுப்பறீங்களே!"

அறுபத்தாறு

எங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை நாமே மாற்றலாம் என்று கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. விசைகளின் எண்ணைக் காட்டும் கட்டளையைப் போட்டு, நாங்கள் தொடாத கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். அதன் எண் 66 என்று திரை காட்டியது. 'இனி 66தான் எஃப்' என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். புள்ளி விழுந்தது.

ஆனால் மல்லிகா அக்கா கீபோர்டைப் பார்த்து அடிப்பவர் இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கையைத் துணியால் மூடிப் பழகியவர். ஆள்காட்டி விரலின் வேலையை இனி சுண்டுவிரல் செய்ய வேண்டும். முதல் வரியில் மூன்று பிழை. இரண்டாம் வரியில் ஒன்று. மூன்றாம் வரியை அஞ்சலையம்மாவோடு பேசிக்கொண்டே அடித்தார். நான் வாய்பிளந்து நிற்பதைப் பார்த்துச் சொன்னார்: "விரலுக்கு என்னாடி, சொன்னா கேட்டுக்கும். மனுசங்கதான் கேக்க மாட்டாங்க."

கடைசி ஆள்

பாதியில் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் புதிதாகக் கிளம்பியது. மனுவும் இல்லை, புள்ளியும் இல்லை. என் கட்டளை அந்த ஒரு தடவைக்குத்தான் என்பதை மறந்திருந்தேன். மணி பன்னிரண்டரை. அக்கா திட்டவில்லை. விசைகள்மேல் விரலை வைத்தபடி, "மறந்தது உன் மிஷினு, நான் இல்ல. சீக்கிரம் போடு" என்றார். போட்டேன். முதலிலிருந்து ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தார். அஞ்சலையம்மா தாளோடு ரோட்டைக் கடந்து ஓடினார்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். "கடைசி ஆளு நான்தான்! பின்னால யாரும் இல்லன்னு உக்கார வெச்சு நிதானமா கேட்டாங்க. வெள்ளிக்கிழம சர்வேயர் வராராம்!"

கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஓடும்படி அந்த வரியை இப்போது எழுதி வைத்துவிட்டேன். லினக்ஸுக்கு உத்தரவு போடும் எனக்கு, முதலாளியிடம் புதுக் கீபோர்டு கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.