ஆறு நிமிடத்துக்குப் பிறகு ஜெசிந்தா டீச்சர்

கூடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பாண்டியண்ணே, ஜெசிந்தா டீச்சர் காலையில தவறிட்டாக. வரும்போது செட்டும் அவுக பாட்டும் கொண்டாந்துருங்க" என்றார் டீச்சரின் பக்கத்து வீட்டு அந்தோணி. துக்கம் சொன்ன வாயாலேயே வேலையும் சொல்லிவிட்டார். எனக்குக் கோபமில்லை. ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவனிடம் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆனால் 'அவுக பாட்டு' என்றதும் இறக்கிய பெட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அது ஏன் என்று டீச்சரை அறிந்த உங்களிடம் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததே பெரிய தப்பு.

சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே செட்டைப் போட்டு, பென் டிரைவைச் செருகினேன். முப்பத்து சொச்சம் வயது டீச்சர் கணீரென்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார். உள்ளே எழுபது வயது டீச்சர் வாயைக் கட்டிப் படுத்திருந்தார். அவர் கணவர் சவரிமுத்து அண்ணன் எழுந்து வந்தார். காமயகவுண்டன்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார்.

"யாருப்பா இது பாடுறது?"

"டீச்சர்தாண்ணே."

கொஞ்ச நேரம் கேட்டார். "இது அவ இல்லப்பா. அந்த வெள்ளிக்கிழமைச் சத்தம் ஒங்கிட்ட இருக்குல்ல? அது வேணும் எனக்கு. பெரிய வெள்ளிக்கு அதைக் கோயில்ல போடு. அவளை ஒருக்காக் கேட்டுக்கிறேன்."

நான் தலையை ஆட்டிவிட்டேன்.

அந்தப் பாட்டுத் தொகுப்பு என் கைங்கரியம். டீச்சர் தன் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தார். கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். எனக்குச் சாமி வேறு என்றாலும் அந்தக் கோயிலுக்கு மைக் கட்டுவது நான்தான். திருவிழா, பூசை, கல்யாணம் என்று அவர் பாடியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தேன். அதில் பத்தைப் பொறுக்கி ஒரு கேசட் போட்டேன். அட்டையில் 'ஜெசிந்தா டீச்சரின் முத்தான பத்து' என்று அச்சடித்து, கீழே என் சொந்தச் சரக்காக ஒரு வரியும் சேர்த்தேன்: 'இதைக் கேட்டால் போதும்!' டீச்சர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போதுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கேசட் நன்றாகப் போனது. திருப்பூருக்கும் கேரள எஸ்டேட்டுகளுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். நானும் பெரிய கலைத்தொண்டு செய்துவிட்டதாக மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

பத்தாவது பாட்டு, மாதா புலம்பல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய வெள்ளிக்கிழமை மதியம், சிலுவையில் இறந்த மகனைப் பார்த்து மாதா அழுவதாக ஒரு பெண் பாடுவார். ஒற்றைக் குரல், வாத்தியம் கிடையாது, முழுதாக ஒரு மணி நேரம். பாடுகிறவர் காலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். பாதிக்கு மேல் தொண்டை வறண்டு, கரகரத்து, சில இடங்களில் வெறும் காற்றுதான் வரும். ஊரே அதற்குத்தான் காத்திருக்கும். நான் சவுண்டு ஆள். என் காதுக்கு அது கெட்டுப்போன சத்தம். குரல் தெளிவாக இருந்த முதல் ஆறு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மகனை மடியில் கிடத்தச் சொல்லும் இடத்தில் சத்தத்தை மெல்லக் குறைத்து அழகாக முடித்தேன். மிச்சம் இருந்த நாடாவின் மேல் திராட்சை மருந்துக் கடைக்கு ஆட்டோ விளம்பரம் பதிந்துவிட்டேன். 'விவசாயப் பெருங்குடி மக்களே' என்று கத்துவது என் குரல்தான்.

அந்த வருடமே டீச்சர் என் கடைக்கு வந்து மிச்சத்தைக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். முதலில் சிரித்தார். மருந்து பேர் என்ன என்றுகூடக் கேட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லதை மட்டும் எடுத்துக்கிட்டீக. சரி. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லாதீக."

"ஏன் டீச்சர்?"

"எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். வீட்டுல அவனைப் பத்திப் பேச்சே கிடையாது தம்பி. நான் அழுதா அவுக ஒடஞ்சுருவாக, அவுக அழுதா நான் ஒடஞ்சுருவேன். வருசத்துல நாங்க அவனுக்காக அழுறது புலம்பலோட அந்தக் கடைசி அரை மணி நேரந்தான். பூசைக்கே வராத மனுசன் அன்னைக்கு மட்டும் கோயிலோட பக்கவாட்டு வாசப்படில, அங்கன உக்காந்து கேட்டுட்டுப் போவாக. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. என் தொண்டை போனாலும் பாண்டிகிட்ட இருக்குன்னு ஒரு தெம்பா இருக்காக. அது அப்படியே இருக்கட்டும்."

அடுத்த வருடம் முழுதாகப் பதிவு செய்துவிடுகிறேன் என்றேன். டீச்சருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அன்னைக்கு ஓடுனது எனக்குத் தெரியாது. டேப்பு ஓடுதுன்னு தெரிஞ்சா எனக்கு அந்தச் சத்தம் வராது. மெசினுக்காக அழச் சொல்றீகளா?" என்றார். அதற்கப்புறம் புலம்பலன்று என் டேப் ரெக்கார்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஆளாளுக்கு செல்போன் வருவதற்கு முன்பே அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. பிறகு பாடவே இல்லை. இளைஞர் குழு புலம்பலை ஆளுக்கொரு பகுதியாகப் பாடத் தொடங்கியது. முழுப் புலம்பலும் பாண்டியிடம் பத்திரமாக இருக்கிறது என்ற பேச்சு மட்டும் ஊரில் நின்றுவிட்டது. நான் மறுக்கவில்லை.

துக்கம் முடிந்து வந்த மறுநாள் பரணில் தேடி அந்த நாடாவை எடுத்தேன். அடியில் ஏதாவது மிச்சம் இருக்காதா என்ற நப்பாசை. கடைக் கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனில் கேட்டேன். என் கத்தல், நடுவில் இரைச்சல், மறுபடி என் கத்தல். நான் மூச்சு வாங்கும் ஒரு இடைவெளியில் தூரத்தில் ஒரு பெண் குரல் இழுத்தது போலிருந்தது. திருப்பிப் போட்டால் இல்லை. மறுபடி போட்டால் இருந்தது. மதியச் சோறு மறந்து அதே இடத்தைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். பயமாக இருந்தது. இப்போது கடையில் மின்விசிறி சுற்றினாலும் அதற்குள் அந்த இழுப்பு கேட்கிறது.

பெரிய வெள்ளி வரைக்கும் சவரியண்ணன் தோட்டத்து வழியே வண்டியை நிறுத்தாமல் போனேன். ஒரு நாள் அவர் கையைக் காட்டினார். பார்க்காதது போல் முறுக்கிவிட்டேன். பெரிய வெள்ளி மதியம் அதே பென் டிரைவோடு கோயிலுக்குப் போனேன். ஆறு நிமிடம் போதும், பிறகு இளைஞர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று கோழைத்தனமாக ஒரு கணக்கு. அவர்களிடமும் சொல்லி வைக்கவில்லை. கோயில் நிறைந்திருந்தது. சவரியண்ணன் பக்கவாட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். டீச்சரின் இளங்குரல் எழுந்தது. மகனை மடியில் கிடத்தச் சொன்னது. தேய்ந்து நின்றது.

யாரும் பாடவில்லை. மிச்சம் வரும் என்று எல்லோரும் இருந்தார்கள். சவரியண்ணன் எழுந்து என்னிடம் வந்தார்.

"நின்டுபோச்சேப்பா. மிச்சத்தைப் போடு."

"மிச்சம் இல்லண்ணே."

"மெசின்ல கோளாறா?"

"இல்லண்ணே. நான்தான் அழிச்சேன். கேசட் போட்ட வருசமே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாக."

"ஏனாம்?"

"அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் நீங்க வாசப்படில வந்து உக்காருவீகன்னு அவுகளுக்குத் தெரியும். அது எங்கிட்ட இருக்குன்னு நீங்க தெம்பா இருக்கட்டும்னாக."

அவர் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார். "தெரியுமா அவளுக்கு?" என்றார் மறுபடியும், சின்னக் குரலில். பிறகு என் பெட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அந்த ஒரு மணி நேரமும் கோயிலில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அவரவர் காதில் அவரவர் கேட்ட டீச்சர் பாடி முடிக்கட்டும் என்று இருந்தார்கள்.

அந்தப் பத்தைக் கேட்கிற யாரும் டீச்சருக்கு எவ்வளவு இனிமையான குரல் என்பார்கள். உண்மைதான். ஆனால் டீச்சர் யாருக்காகப் பாடினாரோ அவருக்கு அந்த இனிமை அடையாளம் தெரியவில்லை. அவருக்குப் போட்டுக்காட்ட என்னிடம் வேறு ஒன்றுமில்லை. டீச்சர், அந்த ஆறு நிமிடத்துக்குப் பிறகு உங்களுடையதாக நான் வைத்திருப்பது, இங்கே சொன்ன இதுதான்.