பாங்குக்கு முன் பதினொரு ஃப்ராப்பே

கல்முனைக் கடைத்தெருவில், நோன்பு துறக்க இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கையில் மின்சாரம் போகிறது. றிஸ்வானின் குளிர்பானக் கடை முன்னால், 'ஃப்ராப்பே' என்ற ஐஸ் கோப்பிக்காகப் பதினொரு பேர் நிற்கிறார்கள். கடை ஓர நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு முறை எண்ணிவிட்டேன். அதை அடிக்கும் மெசின் நின்றுவிட்டது.

"மெசின் இல்லாமல் எப்படித் தம்பி?" என்று பதறுகிறேன்.

"மெசினுக்கு முந்தியே இந்தப் பேர் இருந்திச்சு ஐயா. பிரெஞ்சுல 'அடிச்சது' எண்டு அர்த்தம். ஐஸ்ல குளிர வெச்சதுக்கும் அதே பேர்தான். கட்டார்ல என்ட முதலாளி சொல்லித் தந்தவர்."

ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றி மரச் சுத்தியலால் நொறுக்குகிறார். கோப்பி, பால், சீனியோடு அதையும் போத்தலில் போட்டு மூடிக் குலுக்குகிறார். போத்தலுக்கு அறுபது குலுக்கல். என்ன அழகாக நுரை ஏறுகிறது!

"மச்சான், கை கழண்டு ஐயாட மடியில விழப்போகுது!" என்று வரிசையில் ஒருவர் சீண்டுகிறார்.

பதினோராவது கோப்பை கைமாறும்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. றிஸ்வான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குவளையைத் தூக்குகிறார். குலுக்கிச் சோர்ந்த கை பாதியில் தாழ்ந்து, பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டுகிறது. நான் எழுந்துபோய்க் குவளையைப் பிடித்துக்கொள்கிறேன்.